இடப்பக்கத்து மணை

என் படுக்கையில் யாருடைய கையோ கிடந்தது. சித்திரபுரத்தில் மின்வாரியக் குவார்ட்டர்ஸ், மழைக்கால விடியல். தொட்டால் சில்லென்று, வியர்வைப் பிசுபிசுப்போடு இருந்தது. உடம்பெல்லாம் கூசியது.

“இது ஆரு கை? எடுத்து அக்கட்டால போடு” என்று மனைவி ருக்மணியை எழுப்பினேன்.

“உங்க கைதானுங்க” என்றாள். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. ஆனாலும் நான் நம்பவில்லை.

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த வருடம் அது. ஜீப்பில் மூணாறு வந்து, அங்கிருந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். பக்கவாதம் (மூளைக்கு ரத்தம் போகும் குழாய் அடைபட்டு, உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார் டாக்டர். அடி விழுந்தது வலது பரைட்டல் மடலில் (உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால், காதுக்கு மேலே உள்ள மூளைப்பகுதி; உடம்பின் இடது பக்கம் இதன் பொறுப்பு).

“உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதத்தான் மூளை விட்டுடுச்சு” என்றார். சொந்த ஊர், வேலை, பிள்ளைகளின் பெயர் எல்லாம் கேட்டார். ஊர் கொல்லங்கோடு என்பதில் தொடங்கி எல்லாம் சரியாகச் சொன்னேன். ஞாபகசக்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவுகட்டினார்.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு, மற்றவர்கள் சொல்லக் கூசுவதைச் சொல்கிறேன். வலியைவிட அருவருப்புதான் என்னைத் தின்றது. இடது கன்னத்துக்குள் ஒதுங்கிய சோறு அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. புளித்து நாறும். ருக்மணி விரலை விட்டு வழித்தெடுப்பாள். கடைவாயில் எச்சில் ஒழுகும். முகத்தில் பாதிதான் சவரம் செய்திருப்பேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். தைலத்தில் ஊறிய அந்தக் கை, உரித்த கோழிபோல் மடியில் கிடக்கும். வெட்டி எறிந்துவிடுங்கள் என்று வாய்விட்டே கத்தியிருக்கிறேன்.

கொல்லங்கோட்டு வீட்டுக்கு வந்த பிறகு, குழறும் நாக்கைத் திருத்த ருக்மணி சாயங்காலங்களில் என்னைப் பேசவைப்பாள். ஒருநாள், “நம்ம கல்யாணத்தச் சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். வலப்பக்கத்து வாழைமரம், அதன் கீழே மேளக்காரர்கள், வேட்டி நழுவ ஓடிய மச்சான்.

“நானுங்க?”

“தாலி கட்டற வரைக்கும் பக்கத்துலதான் உக்காந்திருந்தே. அப்பறம் எந்திரிச்சே. காணோம்.”

அவள் முகம் செத்துப்போயிற்று.

எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்புறம் இருப்பாள். கட்டியதும் எழுப்பி, இடப்புற மணைக்கு மாற்றி உட்காரவைப்பார்கள். அதற்குப்பின் மனைவிக்கு எங்கேயும் இடப்பக்கம்தான். கோயிலில், பஸ்ஸில், மூணாற்றில் எடுத்த போட்டோவில், கட்டிலில். அந்தப் பக்கம் முழுவதும் என் நினைவிலிருந்து வழித்தெடுக்கப்பட்டிருந்தது. இவள் என் மனைவி என்று தெரியும். ஆபீஸ் விதிகளை ஒப்பிப்பதுபோல அதைச் சொல்லவும் முடியும். அவளோடு வாழ்ந்தவன் நான்தான் என்றுமட்டும் தோன்றவில்லை. என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் சொன்னோம். “எங்க புத்தகத்துல இதப்பத்தித் தெளிவா ஒண்ணுமில்லை. கண்ணு மாதிரி நினைப்பும் ஒரு பக்கமாவே போகுதோ என்னவோ. மாப்பிள்ளையா உக்காந்து பார்க்காதீங்க. எதிர்ல நின்னு பாருங்க” என்றார்.

அன்று சாயங்காலமே ருக்மணி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வழக்கம்போல் என் எதிரே உட்கார்ந்தாள். “மனசுக்குள்ள போட்டோக்காரர் நின்ன எடத்துல நில்லுங்க. மணையப் பாருங்க.”

கண்ணை மூடினேன். இருந்தாள். கூறைச்சேலை, வியர்வையில் கரைந்த குங்குமம், அழுது வீங்கிய இமை. மூக்குத்தி சரியாகத் திருகாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தபோது அவள் கை தானாக மூக்குக்குப் போயிருந்தது.

“மணையில எனக்குப் பக்கத்துல ஆருங்க இருக்கறது?”

மறுபடி கண்ணை மூடிப் பார்த்தேன். “ஆருமில்ல. நீ மட்டுந்தான்.” எதிரில் நின்றால் இடம் வலம் மாறும்; இப்போது மாப்பிள்ளைதான் என் இடப்பக்கத்தில் விழுந்திருந்தான்.

அவள் எழுந்து, ஸ்டூலைத் தூக்கி எனக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அங்கேதான். கட்டிய பெண்டாட்டி அந்தப் பக்கம் உட்காரக் கூடாது என்று என் அக்காள் கண்டித்தபோது, “இங்க இருந்தாத்தான் அவருக்கு நான் இருக்கறனுங்க” என்று முடித்துவிட்டாள்.

எனக்குக் காலம் இப்போது முன்னால் போவதில்லை. அவள் வலப்பக்கம் வந்து உட்காரும் ஒவ்வொரு வேளையும், தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறேன். முடிச்சுப் போட இரண்டு கை வேண்டும். அந்த இடக்கையை இன்றும் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் வலக்கையால் அதைத் தேடிப் பிடித்து, அருவருப்போடேயே எடுத்து, மடியில் வைத்துக்கொள்கிறேன்.