எண்ணெய்த் துணி

மலையேறும் முன் சேந்தமங்கலத்தில் காரை நிறுத்தி, ஈரச் செய்தித்தாளால் கண்ணாடியைத் துடைக்கிறேன். நனைந்த தாளின் மை வாசம் எழுந்தால் போதும், அப்பாவின் ஜீப் கண்முன் வந்து நிற்கும்.

அப்பா கொல்லிமலையிலிருந்து மிளகு மூட்டைகளைக் கீழே இறக்குபவர். முன்கண்ணாடியைத் தாளால்தான் துடைப்பார். துணி கோடு போடுமாம். எனக்கு அப்போது எட்டு வயது. அவர் மெச்சுவார் என்று, அவர் டீ குடித்து முடிப்பதற்குள் கைக்குக் கிடைத்த துணியால் நானே துடைத்துவைத்தேன். பலாப்பழம் அறுக்கையில் பால் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவிய கையை அம்மா துடைக்கும் துணி அது.

வழியில் தூறல் பிடித்தது. கண்ணாடி முழுக்க எண்ணெய் படர்ந்து மங்கியிருக்கும். கொண்டை ஊசி வளைவில் ஜீப் சுவரில் மோதி, அப்பாவின் வலது கை முறிந்தது. அதன்பின் அவர் வண்டி ஓட்டவே இல்லை.

பார்க்க வந்தவர்களிடம், "பனிங்க, ரோடே தெரியலீங்க" என்றார். அன்று மாலை கட்டுப் போட்ட கையோடு எழுந்துபோய் அந்தத் துணியை அடுப்பில் போட்டார்.

"ஏனுங்க, நல்ல துணிங்களே!" என்றாள் அம்மா.

அவர் என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியா கண்ணு?" என்று என்னைக் கேட்டார்.

சாகும்வரை அதைப்பற்றி அவர் எதையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கண்ணாடியில் இப்போது ஒரு கோடும் இல்லை. இன்னொரு தாளைக் கிழிக்கிறேன்.