பதினொரு மஞ்சள் சட்டைகள்

போன வாரம் எங்கள் ஊர் ஃபுட்பால் டீம் தோற்றுப் போனது. யார் காரணம் என்று திருத்தணியில் எந்தக் கடை வாசலில் கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்கிறார்கள். இத்தனைக்கும் நான் மைதானத்துக்குள் காலே வைக்கவில்லை!

நான் டீமுக்குக் காரியதரிசி. அதாவது... பந்துக்குக் காற்றடிப்பது, எலுமிச்சம்பழம் நறுக்குவது, திட்டு வாங்குவது.

வினை சட்டையில் ஆரம்பித்தது.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆடிய காலத்தில் சட்டையாவது, டிராயராவது! வேட்டியைத் தாறுபாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஓடுவோம். ஒரு தடவை எங்கள் கோல்கீப்பருக்குப் பந்தைப் பிடிப்பதா, அவிழ்ந்த வேட்டியைப் பிடிப்பதா என்று ஒரு தர்மசங்கடம். வேட்டியைப் பிடித்தான். கோல்! யாராவது அவனைக் குறை சொல்ல முடியுமா? அதற்கடுத்த மாதமே பாதிரியார் எல்லோருக்கும் அரை டிராயர் தைத்துக் கொடுத்துவிட்டார்.

ஆக, டிராயர் பிரச்னை அன்றே தீர்ந்தது. சட்டைதான் ஆளுக்கொரு நிறம். அரக்கோணத்து ரயில்வே டீம் நீலச் சட்டையில் பளபளவென்று வந்து இறங்கும்போது, நாம் மட்டும் மூட்டையிலிருந்து கொட்டிய மாதிரி நிற்பதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

துணிக்குக் கன்ட்ரோல் இருக்கிற காலம். கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில் ஒரே ஒரு கடையில் துணி கிடைத்தது. நல்ல மஞ்சள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர்களுக்காக வந்த சரக்கு. பதினொரு சட்டைக்குக் கிழித்து வாங்கி வந்தேன்.

மாட்ச் என்றைக்கு? அதையும் நானே முடிவு செய்தேன். கிருத்திகைக்கு முந்தின நாள். கூட்டம் தானாக வருமே! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

என் மனைவியின் தம்பி முனிரத்தினம்தான் எங்கள் லெஃப்ட் அவுட், இடது ஓரத்து ஆட்டக்காரன். ஆர்.கே.பேட்டையில் தறி நெய்கிறவன். நூல் கிடைக்காமல் மூன்று மாதமாகத் தறி சும்மா கிடக்கிறது, வீட்டில் கைக்குழந்தை. ரயில்வே டீமின் மானேஜர் ஒரு நல்ல லெஃப்ட் அவுட்டைத் தேடுகிறார், பிடித்துப்போனால் ரயில்வேயில் வேலையும் போட்டுக் கொடுப்பார் என்று காதில் விழுந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பாவா, அவரு என்னையே பாத்துகினு இருப்பாரு. காலு நடுங்குது பாவா."

"உன் கால் நடுங்கட்டும், பந்து நடுங்காம இருந்தா சரி. போடா!" என்றேன்.

நன்றாகத்தான் ஆடினான். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது இடது ஓரமாகப் பந்தை எடுத்தான். ஒருவனை ஏமாற்றினான். இன்னொருவனைத் தாண்டினான். மூன்றாவது ஆள் மேலே பாய வருகிறான்... தலையை ஒரு கணம் தூக்கினான். அந்தக் கோடியில், கோல் கம்பத்தை ஒட்டி, தனியாக ஒரு மஞ்சள் தெரிந்தது. விட்டான் பாருங்கள் ஒரு பாஸ்!

பந்து கோட்டைத் தாண்டிப் போய், வேட்டியை மடித்துக் கட்டி, மேலே மஞ்சள் துண்டு போர்த்திக்கொண்டு நின்ற ஒரு சித்தூர்ப் பெரியவரின் நெஞ்சில் இறங்கியது. மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. அவர் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, "இதி எவரிதய்யா?" என்று தெலுங்கில் யாருடையது என விசாரித்தார். கூட்டம் "அரோகரா!" என்று கத்தியது.

அடுத்த நிமிஷமே நீலச் சட்டைக்காரர்கள் கோல் போட்டார்கள். விசில். ஆட்டம் முடிந்தது.

முனிரத்தினம் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். நான் நேரே ரயில்வே மானேஜரிடம் போனேன்.

"சார், தப்பு அவன் மேலே இல்லீங்க. மஞ்சத் துணி வாங்கினது நாந்தாங்க. தேதி வச்சதும் நாந்தாங்க. பாஸ் தப்பாப் போச்சுன்னு..."

"தப்பாப் போச்சா? யாரு சொன்னா?" என்றார் அவர். "இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு! பெரியவரு ஒரு அடி நகர்ந்தாரா? எங்க ஆளுங்க நீலச் சட்டைக்கே இப்படிக் குடுக்க மாட்டேங்குறானுங்க. திங்கக்கிழமை அரக்கோணம் வரச் சொல்லுங்க. வேலை போட்டுடலாம்."

முனிரத்தினம் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். வெட்கமென்ன?

ஒரே நிறத்தில் உடுத்துவது எதற்கு? நாங்களெல்லாம் ஒரு கட்சி என்று காட்டத்தானே! ஊரே மஞ்சள் உடுத்தி ஒரு கட்சியாக நிற்கிற நாளில் டீமுக்கும் அதே மஞ்சளை மாட்டிவிட்டவனை என்ன சொல்வது? சொல்ல வேண்டியதையெல்லாம் ஊர் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு ஓடினேன். தோற்ற சேதி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலை விஷயத்தைச் சொன்னதும் திருத்தணி மலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை போட்டுகினு போறதுக்கு அவனுக்கு நல்ல சட்டை ஒண்ணு இல்லியேங்க..."

"அதுக்கென்ன, இதோ!" என்று துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"நீங்க உட்காருங்க," என்றாள். "நான் போயி வாங்கிகினு வரேன்."