நாணய்யாவின் துப்பாக்கிக்கு ஒரு கட்டை

இது கதை இல்லை. கதை என்றால் இன்னும் கொஞ்சம் அழகாக முடித்திருப்பேன். அன்று சாயங்காலம் வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு பெம்மய்யா வீட்டுக்கு ஓடியவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் இதே குடகு மலையில் காபி பறித்துக்கொண்டு இருக்கிறார்கள். நம்பாதவர்கள் வந்து கேட்டுக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். எனக்குப் பயமே அதுதான். வேறு எந்த விஷயத்திலும் எங்கள் ஊரில் இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னதில்லை.

வீட்டுக்குள் நடந்ததைப் பெம்மய்யா, பக்கத்துத் தோட்டத்துக் குஷாலப்பாவிடம் மட்டும்தான் சொன்னார். குஷாலப்பாவிடம் சொன்னால் மற்றவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் ஒரு வெடி கேட்டால் ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு கேட்டால் சாவு. வீட்டுக்கு வீடு போன் வந்த பிறகும் இது மாறவில்லை. இரண்டாவது சத்தம் வந்ததும் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வெள்ளைச் சேலையைத் தேடுவார்கள். ஆண்கள் எந்தத் திசை என்று காது கொடுப்பார்கள்.

நாணய்யா செத்தது ஓர் ஆனி மாதக் கடைசியில். கொட்டுகிற மழையில் காபிச் செடிக்கு நடுவே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. மனைவி போஜவ்வா, தம்பி பெம்மய்யா, ஜிம்மி என்கிற நாய், ஒரு ரைபிள். இவ்வளவுதான் அவர் குடும்பம். பெம்மய்யா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணி சமையலை விட்டுப் போக மனசில்லை என்று ஊரில் கேலி செய்வோம். அவரும் மறுத்ததில்லை.

அந்த ரைபிளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரைவிட்டுப் போன ஒரு எஸ்டேட் துரை அவர்கள் தாத்தாவிடம் விட்டுப்போனது. ஆஸ்திரியா நாட்டுச் சரக்கு. மற்ற ரைபிள்களில் மரக்கட்டை பாதிக் குழலோடு நின்றுவிடும். இதில் தோளில் வைக்கிற இடத்திலிருந்து குழலின் வாய் வரைக்கும் ஒரே மரம். குடகு முழுக்கச் சலித்தாலும் இரண்டு மூன்றுதான் தேறும். நாணய்யா அதை எண்ணெய் போட்டுத் துடைக்கிற நேரத்தில் பாதியைப் பெண்டாட்டிக்குக் கொடுத்தால் ஆகாதா என்று நாங்கள் பேசிக்கொண்டதுண்டு. வயிற்றெரிச்சல்தான். சாயங்காலம் அவர் வந்து, வாசல் கடைசிப் படியில் பூட்ஸை டக்... டக்... என்று தட்டி, ஒரு கனைப்புக் கனைத்த பிறகுதான் போஜவ்வா காபி கலப்பாள். அவர் இல்லாமல் ஒரு நாளும் குடித்ததில்லை.

சாவு வெடி போட அந்த ரைபிளைத்தான் பெம்மய்யா எடுத்தார். முதல் வெடி மலை முழுக்க முழங்கியது. இரண்டாவதற்குத் தூக்கும்போது...

படக்.

கட்டை கழுத்தோடு முறிந்து துப்பாக்கி இரண்டாக மடிந்துவிட்டது.

"இந்தா பெம்மு, இதுல போடு" என்று குஷாலப்பா தன் துப்பாக்கியை நீட்டினார்.

"எங்கண்ணன் துப்பாக்கியில ஆரம்பிச்சேன். அதுலயேதான் முடிப்பேன்."

"டேய், பிணம் நனையுது. உன் வீம்பை அப்புறம் வச்சுக்க."

கம்பி வைத்துக் கட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. கடைசியில் அழுதுகொண்டே குஷாலப்பாவின் துப்பாக்கியை வாங்கி அழுத்தினார். புஸ்... தோட்டா மாற்றி மறுபடி அழுத்தினார். மறுபடியும் புஸ். மழை ஈரம் என்றார் ஒருவர். செத்தவருக்குப் பிடிக்கவில்லை என்றார் இன்னொருவர். அதற்குப் பிறகு அந்த இரண்டாவது வெடிக்குத் தன் துப்பாக்கியைத் தர யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நாணய்யா ஒற்றை வெடியோடு எரிந்தார்.

மறுநாள் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒருத்தி சிரித்த முகத்தோடு வந்து நின்றாள். கையில் குழந்தைக்கு ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. "ஒரு வெடி கேட்டுதே... யாருக்குப் பையன் பிறந்திருக்கு?"

எங்களுக்கெல்லாம் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. போஜவ்வாதான் எழுந்து போய்க் கொலுசை வாங்கிக்கொண்டாள். "எங்க வீட்லதான். இத்தனை வயசுக்கு மேல பிறந்திருக்கார்" என்றாள். அந்தக் கொலுசைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பதினாறு நாள் காரியம் முடிந்தது. அன்று சாயங்காலம் பெம்மய்யா மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தார். ஜிம்மி எழுந்து வாசலுக்கு ஓடியது. குரைக்கவில்லை. வாலை ஆட்டியது.

உள்ளே போனால் போஜவ்வா இரண்டு டம்ளர் காபி கலந்து வைத்திருந்தாள்.

"யாருக்கு அண்ணி?"

"உனக்குத்தான், வேற யாருக்கு?"

பெம்மய்யா காபி குடிப்பதில்லை. அது அவளுக்குத் தெரியும்.

தினமும் அதே நேரம், ஆறு மணி வாக்கில். நாய் எழுந்திருக்கும். வாசல் நாற்காலி ஒன்று மற்றதன் பக்கத்தில் நகர்ந்திருக்கும். கடைசிப் படியில் தண்ணீர் தேங்கியிருக்கும், மழை இல்லாத நாளிலும். போஜவ்வா சாப்பாட்டைக் குறைத்தாள். தோள் எலும்பு தெரிந்தது. ரவிக்கை தொளதொளத்தது. ஆனால் முகத்தில் மட்டும் புதுப்பெண் களை. எங்களுக்கு அதுதான் சகிக்கவில்லை.

"ஒரு வெடியோட அனுப்பிவச்சா எங்கடா போவான்? இங்கதான் சுத்துவான்" என்றார் குஷாலப்பா. "போகும்போது அவளையும் கூட்டிக்கிட்டுத்தான் போவான். சீக்கிரம் இன்னொரு வெடியைப் போட்டு முடி."

பெம்மய்யா கட்டை தேட ஆரம்பித்தார்.

மைசூரில் துப்பாக்கி ரிப்பேர் கடைக்காரர் உடைந்த துண்டைப் பார்த்துவிட்டு, அக்ரூட் மரம் ஒரே துண்டாகக் கிடைக்கவேண்டும், பக்குவப்பட்டிருக்கவேண்டும், அடுத்த வருஷம் வாருங்கள் என்றார். உள்ளூர்த் தச்சர் அவ்வளவு யோசிக்கவில்லை. பலா மரத்தில் ஒன்று செதுக்கிக் கொடுத்தார். இன்றைக்கு அது பெம்மய்யா வீட்டு மாட்டுக் கொட்டகைக்குத் தாழ்ப்பாளாக இருக்கிறது. மற்ற ரைபிள்களின் கட்டையெல்லாம் குட்டை. கேரள எல்லை வரை அலைந்தார். ஒவ்வொரு முறை வெறும் கையோடு திரும்பும்போதும் அண்ணி இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தாள்.

ஆவணி பிறந்ததும் குஷாலப்பாவின் மச்சான் ஒரு தகவல் சொன்னார். பிரம்மகிரி அடிவாரத்தில் சீதவ்வா என்று ஒரு விதவை. அவள் வீட்டுச் சுவரில் இதே ஜாதி ரைபிள் ஒன்று தொங்குகிறது. குழல் துருப்பிடித்துப் போனது, கட்டை மட்டும் நன்றாக இருக்கிறது.

பெம்மய்யா உடனே ஜீப்பை எடுத்தார். சீதவ்வா கேட்டைத் திறந்தாள். ஆளைப் பார்த்ததும் உள்ளே போனாள். சாக்குத்துணியில் சுற்றிய கட்டையை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். கழற்றி, துடைத்து, எண்ணெய்கூடப் போட்டிருந்தது.

"உங்களுக்குத்தான் எடுத்து வச்சேன்."

மச்சான் போன் செய்திருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பணத்தை எடுத்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அதெல்லாம் பேசியாச்சு. மழை வருது, கிளம்புங்க."

கட்டை பொருந்தியது. உளி படவேண்டிய அவசியமே இல்லை. திருகாணிகள் தாமாக இறங்கின.

ஆனால் உடனே சுட முடியாது. நாற்று நடவு தொடங்கினால் எங்கள் வீடுகளில் துப்பாக்கி சாமி அறைக்குப் போய்விடும். ஆயுத பூஜை அன்றுதான் வெளியே வரும். எங்களுக்கு அது செப்டம்பர் மூன்றாம் தேதி. இன்னும் இரண்டு வாரம். போஜவ்வா அந்த இரண்டு வாரம் தாங்கவேண்டும். பெம்மய்யாவின் கவலை அது ஒன்றுதான்.

தாங்கினாள்.

பூஜை அன்று காலையிலிருந்து அடைமழை. துப்பாக்கியால் தேங்காயைக் குறிபார்த்துச் சுடும் போட்டியைக்கூட மறுநாளைக்குத் தள்ளிவிட்டார்கள். ஊரில் ஒரு வெடிச் சத்தம் கிடையாது. பெம்மய்யா ரைபிளுக்குச் சந்தனம் வைத்து, குழலில் செங்காந்தள் பூ செருகி, பூஜை முடித்து, தட்டில் ஒரே ஒரு தோட்டாவை வைத்திருந்தார். மழை கொஞ்சம் விட்டதும் முற்றத்துக்கு வந்தார். தோட்டாவைப் போட்டார். மேலே தூக்கினார்.

"தம்பி."

போஜவ்வா படியில் நின்றாள். கல்யாணத்துப் பட்டுச் சேலை. உடம்பில் நிற்காமல் சரிந்தது.

"இன்னிக்கு வேணாம்பா."

"அண்ணி, இதுக்குத்தானே நாயா அலைஞ்சேன்?"

"நாளைக்குச் சுடு. இன்னிக்குப் பண்டிகை. பன்றிக்கறியும் கடம்பிட்டு உருண்டையும் பண்ணியிருக்கேன். அவருக்குப் பிடிக்கும்... சாப்பிட்டுப் போகட்டுமே."

"அண்ணி... அண்ணன் இல்ல."

"தெரியும்டா. எனக்கென்ன பைத்தியமா? ஒரு சாயங்காலம்தானே கேக்கறேன்."

பெம்மய்யாவுக்குப் பன்னிரண்டு வயசிலிருந்து சோறு போட்டவள் அவள். இதுவரை அவரிடம் எதையும் கேட்டதில்லை. தோட்டாவை வெளியே எடுத்தார். சாமி அறையில் விளக்குக்கு முன்னால் ரைபிளைச் சாய்த்தார். தட்டில் தோட்டாவை வைத்தார். கதவைச் சாத்திவிட்டுக் கொட்டகைக்குப் பால் கறக்கப் போனார்.

மாடு மடியை இறுக்கிக்கொண்டது.

மூடுபனி கொட்டகைக்குள் வந்தது.

டக்...

டக்...

முதல் தடவையாக அவருக்கே கேட்டது. கடைசிப் படியில். பிறகு அந்தக் கனைப்பு. செம்பைக் கீழே வைத்தார். எழுந்திருக்க முடியவில்லை.

நாற்காலி நகரும் சத்தம். கர்ர்ர்...

போஜவ்வா சிரித்தாள். சின்னதாக.

அப்புறம் ஒன்றுமில்லை.

மழைகூட இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது. கேட் பக்கம் விளக்கு வெளிச்சம். ஒன்று... நாலு... பத்து. எல்லாம் வெள்ளை. குஷாலப்பா முன்னால் ஓடி வந்தார். கொட்டகை வாசலில் பெம்மய்யாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யாருடா... போஜவ்வாவா?"

"என்ன யாரு? எதுக்குடா எல்லாரும் வெள்ளையில?"

"ரெண்டு வெடி கேட்டுதேடா. அடுத்தடுத்து. இங்கேருந்துதான்."

"நான் சுடலையே."

அக்கரைக்காரர்கள்கூடப் பாலம் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். மூன்று மைலுக்கு அப்பால் கேட்டது, முப்பதடியில் இருந்தவருக்குக் கேட்கவில்லை.

வாசல் நாற்காலியில் போஜவ்வா சாய்ந்திருந்தாள். கண் கேட்டைப் பார்த்துத் திறந்திருந்தது. காலடியில் ஜிம்மி. இன்னொரு நாற்காலி ஒட்டிப் போட்டிருந்தது. அதன் கீழே தண்ணீர். இரண்டு டம்ளர். இரண்டும் காலி.

சாமி அறைக் கதவு சாத்தியபடியே இருந்தது. பெம்மய்யா திறந்தார். தட்டில் தோட்டா அப்படியே இருந்தது. செங்காந்தள் இதழ்கள் தரையெல்லாம் சிதறியிருந்தன.

குழலைத் தொட்டார்.

சுட்டது.

அவளுக்கென்று மறுபடி வெடி போடவில்லை. ஊரே கேட்டாகிவிட்டது, இனி எதற்கு என்றார்கள் பெரியவர்கள். படுக்கையைச் சுருட்டியபோது தலையணைக்கு அடியில் அந்தக் கொலுசு இல்லை. எடுத்தது யார் என்று எங்களுக்குள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டதை நான் மறைக்கமாட்டேன்.

அண்ணனின் பாக்கி வெடியையாவது போட்டுவிடலாம் என்று காரியம் முடிந்ததும் பெம்மய்யா ரைபிளைக் கையில் எடுத்தார். கட்டை கழுத்தில் விரிசல் விட்டிருந்தது. பழையது முறிந்த அதே இடம். அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மறுபடி பிரம்மகிரிக்குப் போனார். வழியில் மச்சானைப் பார்த்து, சீதவ்வாவுக்குப் போன் செய்து சொன்னதற்கு நன்றி என்றார்.

"நானா? அந்த வீட்ல போனே கிடையாதே" என்றார் மச்சான்.

சீதவ்வா காபி கொடுத்தாள். பெம்மய்யா அதை வெறுமனே கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் வருவேன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"உங்கண்ணன்தான். ஆடி மழையில வந்து நின்னாரு. உள்ள வாங்கன்னா வரலை. படியில பூட்ஸை ரெண்டு தட்டு தட்டினாரு, அவ்வளவுதான். என் தம்பி வருவான், வீம்புக்காரன், காசு நீட்டுவான், வாங்காதீங்கன்னாரு. கட்டைக்குப் பதிலா என் பொண்டாட்டி இதைக் கொடுத்துவிட்டாள்னு..."

உள்ளேயிருந்து ஒரு சத்தம். சலங்... சலங்... சீதவ்வாவின் பேரன் தவழ்ந்து வந்தான். காலில் வெள்ளிக் கொலுசு.

பெம்மய்யா சாக்கைப் பிரித்து விரிசலைக் காட்டினார். சீதவ்வா விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"பழைய மரம், ரொம்ப நாள் தாங்காதுன்னு நான் அப்பவே சொன்னேன். பரவாயில்லைம்மா, ரெண்டே ரெண்டு வெடி தாங்கினா போதும்னாரு."