பூங்காவனத்தின் அவரை விதை

இன்று காலை மருமகள் அவரைக்காய்ப் பொரியல் வைத்தாள். நல்ல பிள்ளை, குறை சொல்லக் கூடாது. ஆனால் வாயில் போட்டால் ஒரே நார், தாடை வலித்ததுதான் மிச்சம். "பொன்னேரி சந்தையில பொறுக்கி எடுத்த காய் மாமா" என்றாள். "சரிம்மா" என்று துப்பிவிட்டு எழுந்தேன். அந்த எரிச்சலில் என் பெண்சாதி பூங்காவனம் ஞாபகத்துக்கு வந்தாள். எரிச்சலும் அவளும் எனக்கு எப்போதும் சேர்ந்துதான் வருவார்கள்.

அப்போது பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்கள் இருந்தார்கள். டச்சுக்காரர் என்கிறார்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். ஏரிக்கரையில் எங்கள் குடிசை. மண்ணா அது? உப்பும் கிளிஞ்சலும். அதில் அவரை போட்டே தீருவேன் என்று நின்றாள். ஆடியில் குழி வெட்டி, மீன் கழிவைப் புதைத்து, நண்டு தோண்டாமல் முள் வைத்தாள். கொடி ஏற ஒரு கொம்பு வேண்டுமே, நான் தோணி தள்ளும் கோலைப் பிடுங்கி நட்டுவிட்டாள். தோணியை நான் கையாலா தள்ளுவது?

சரி, காயையாவது தின்றோமா? ஓரமெல்லாம் ஊதா நிறத்தில், சதைப்பற்றாகக் காய்க்கும். காய்ந்த இறால் போட்டுக் குழம்பு வைத்தால் குப்பமே மணக்கும். ஆனால் கொடியில் எது நல்ல காயோ அதில் ஒரு வலைநூல் தொங்கும். அது விதைக்கு. சொத்தையும் சூம்பலும் புருஷனுக்கு. "யோவ், நூல் கட்டினதுல கை வெச்சே, சோறு கெடையாது." முற்றிக் காய்ந்ததும் உரித்து, சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கையில் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிடுவாள். கட்டின புருஷனுக்குக் கஞ்சத்தனம். கேட்டு வந்தவர்களுக்கோ கை நிறைய விதை.

ஒரு கார்த்திகையில் புயலடித்து, கடல் ஏரிக்குள் ஏறி, குப்பத்துக்குள் வந்துவிட்டது. என் அம்மாவைத் தோணியில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், இவள் இடுப்பளவுத் தண்ணீரில் குடிசைக்குள் போகிறாள்.

"இன்னாடி பண்றே, வாடி!"

"குடுக்கைய எடுத்துட்டு வரேன்யா!"

கூரை சாய்ந்தது. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். குடுக்கை போனது, கொடியும் போனது. காப்பாற்றினவனிடம் அவள் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தண்ணீர் வடிந்ததும் விதை கொடுத்த வீடெல்லாம் ஏறி இறங்கினாள். "வெதையா? மழைக்கு நல்லாருக்கும்னு வறுத்துட்டோமே" என்றது ஒரு வீடு. "நீ இருக்கச்சொல்ல எங்களுக்கு இன்னாத்துக்கு வெதை?" என்றது இன்னொரு வீடு. யாரைத் திட்டுவது?

கடைசியில் சவேரியிடம் போனோம். அவர் உலாந்தாக்காரர் கல்லறைகளுக்குக் காவல். மேட்டு நிலம், சுற்றிலும் சுவர். அங்கே உப்புத்தண்ணீர் ஏறவில்லை. எங்களிடம் அவர் மீன் வாங்க வந்தபோது அவள் கொடுத்திருந்த விதை, யாரோ ஒரு துரையின் கல்லறை மேல் படர்ந்து, கல்லில் செதுக்கிய மண்டையோட்டை மூடிப் பூத்திருந்தது. பூங்காவனம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"இப்பதாம்மா பூ. மாசிக்கி வா" என்றார் சவேரி. அவள் எங்கே கேட்டாள்? "சமைச்சிப்புடுவாரு" என்று சந்தேகப்பட்டு, மாசிவரை ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முந்தானை நிறைய விதையோடு அவள் வந்த அன்று, என் அம்மா வாசலை மறித்தாள். "பொணத்து மேல வெளஞ்சத என் வூட்டுக்குள்ள கொண்டாராதே."

"பொணம் அவங்கள்து அத்தே. வெதை நம்பள்து."

அம்மா சாகும்வரை அந்த அவரையைத் தொடவில்லை. ஒரே அடுப்பில் இரண்டு குழம்பு, நடுவில் நான்.

அப்புறம் கோட்டை இடிந்தது. உலாந்தாக்காரர் கப்பலேறிப் போனார்கள். அவர்களுக்குத் துணி நெய்தவர்களும் தறியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சவேரியும் செத்துப்போனார், கல்லறைக் கொடியும் அவரோடு போனது. ஒரு வைகாசியில் காய்ச்சல் வந்து பூங்காவனமும் போய்விட்டாள். அந்த ஆடியில் நானே குழி வெட்டி, அவள் செய்த மாதிரியே எல்லாம் செய்து விதை போட்டேன். இரண்டு இலை விட்டுக் கருகியது. மறு ஆடியிலும் அப்படியே. மூன்றாம் ஆடியில் குடுக்கையைக் கவிழ்த்துக் கடைசி விதைகளைப் போட்டேன். குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றும்போது கோபம் கோபமாக வந்தது.

"எப்பிடிதாண்டி மொளைக்க வெச்சே? சொல்லிட்டாவது போயிருக்கக் கூடாதா?" என்று வாய்விட்டே கேட்டேன்.

அந்த முறை இலைகூட வரவில்லை.