பக்கத்து நாற்காலிக்காரர்

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டாம். ஆனால் இது என் அண்ணிக்கு நடந்தது. அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் நடந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவசரப் பிரிவின் வாசலில் முதல் மேசை அவருடையது. வருகிறவர்களைப் பார்த்து, யார் உடனே உள்ளே போக வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று பிரித்துச் சீட்டுக் கொடுப்பார். உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்புச் சீட்டு. பதினேழு வருஷ அனுபவம். மாரடைப்பு வந்தவர்கள் எல்லோரும் சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதில்லை. தாடை வலி என்பார்கள். முதுகு வலி என்பார்கள். சும்மா வாந்திதான் என்பார்கள். அண்ணிக்கு அவர்கள் நெற்றி வியர்வையைப் பார்த்தாலே சந்தேகம் தட்டிவிடும்.

தட்டி என்ன பிரயோஜனம்?

"நான் தொண்டை கிழியக் கத்துறேன். பக்கத்து நாற்காலியில யாரோ ஒருத்தர் 'இது வாயுப் பிடிப்பு, சோடா குடிங்க'ன்னா போதும். எழுந்து போயிடுறாங்க!" இப்படி வீட்டுக்கு வந்து அவர் புலம்பாத நாள் கிடையாது.

அன்றைக்கு எதுவுமே சரியில்லை. இரண்டு ஈ.சி.ஜி. மெஷினில் ஒன்று ரிப்பேர். புகார் எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொன்று உள்ளே, விபத்துக் கேஸ்களோடு. டாக்டர்களும் அங்கேதான்.

மணி 2:03. ஒரு பெயிண்டர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நகமெல்லாம் பச்சைப் பெயிண்ட்.

"பல் டாக்டர் எங்கம்மா? தாடை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அண்ணி சிவப்புச் சீட்டை எழுதினார்.

"இது பல்லு இல்லைங்க. இதயமா இருக்கலாம். இங்கேயே உட்காருங்க. எழுந்திருக்கவே கூடாது."

உள்ளே ஓடி, சண்டை போட்டு, மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். மணி 2:09.

நாற்காலி காலி. சிவப்புச் சீட்டு மட்டும் அதன்மேல் கிடந்தது.

"சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போனாரே, சிஸ்டர்" என்றார் வாட்ச்மேன்.

அண்ணி ரோடு வரைக்கும் ஓடிப் பார்த்தார். ஆளைக் காணோம். சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். மணி அடித்தது... எடுக்கவில்லை. 2:15. 2:22. 2:30. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

"போனவரை விடுங்க, இருக்கறவங்களைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2:41. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் தனியாக வந்தார். முதுகு வலி. இரண்டு தடவை வாந்தி. கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. இந்த முறை மெஷின் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் காகிதம் தீர்ந்திருந்தது! அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அலமாரிக்கு ஓடினார்.

திரும்பினபோது மணி 2:45. டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"எங்க போறீங்க?"

"வாயுதான் சிஸ்டர். இவருக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்."

"எவருக்கு?"

டீச்சர் திரும்பினார். பக்கத்து நாற்காலி காலி.

"இப்பதானே இருந்தார்... வீட்டுக்குப் போய்ப் படுத்தாராம். இப்ப வலியே இல்லையாம்."

அண்ணிக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. எந்தப் புத்திசாலி இவன்? பார்வை நாலாபக்கமும் போனது. அந்த நாற்காலியின் முதுகில் கையை ஊன்றினார்.

சடாரென்று எடுத்துக்கொண்டார்.

ஜன்னல் வெயில் நேராக அடிக்கிற இரும்பு நாற்காலி. கொதிக்க வேண்டும். ஐஸ் மாதிரி இருந்தது.

டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். திரையை இழுத்தார். ஒயர்களை ஒட்டினார்.

கிர்ர்ர்... காகிதம் வர ஆரம்பித்தது.

2:48.

இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு. குளிர்ந்த மூச்சு.

"வாயுதாம்மா... விட்ருங்க..."

திரும்பினார்.

யாரும் இல்லை.

கிர்ர்ர்...

காகிதத்தைப் பார்த்தார். கோடு மலை மாதிரி ஏறி நின்றது.

"டாக்டர்!"

டீச்சர் பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள்.

3:20க்குப் பெயிண்டரின் போனை யாரோ எடுத்தார்கள். அவருடைய தம்பி.

"ரெண்டேகாலுக்கு வந்தாரு. வாயுதான், இப்ப பரவாயில்லைன்னு படுத்தாரு. ரெண்டரைக்கு எழுப்பினோம்... எந்திரிக்கவே இல்லைங்க."

இரண்டு நாள் கழித்து, வார்டில் இருந்த டீச்சரிடம் அண்ணி கேட்டார், அந்த ஆள் எப்படி இருந்தார் என்று.

"ஐம்பது வயசு இருக்கும். விரல்ல பச்சைப் பெயிண்ட். நல்ல மனுஷன் சிஸ்டர். யாரோ போன் அடிச்சுக்கிட்டே இருக்காங்க, எடுக்க முடியலைன்னு சிரிச்சார்."

டீச்சர் அவரோடு பேசியது 2:45க்கு.

இதைக் கேட்ட அன்றைக்குச் சாயங்காலமே அண்ணி கேமரா அறைக்குப் போனார். பெயிண்டரிடம் வாயு என்று சொன்னது யார்? அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

படத்தில் 2:06. பெயிண்டர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து நாற்காலி காலி. அதைப் பார்த்துத் திரும்புகிறார். தலையை ஆட்டுகிறார். மறுபடியும் ஆட்டுகிறார்.

2:08. முழங்காலை ஒதுக்கி, யாருக்கோ வழி விடுகிறார்.

வாசலில் ஆள் வந்தால் மட்டுமே திறக்கிற கண்ணாடிக் கதவு திறந்தது. மூடியது.

அதற்குப் பிறகுதான் பெயிண்டர் எழுந்தார்.