பெரியத்தை தங்கமாக்கிய ஆரம்

எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதலில் என் கழுத்துக்கு ஒரு பரீட்சை நடக்கும். பரீட்சை வைப்பவர் என் வீட்டுக்காரரின் பெரியம்மா. நான் பெரியத்தை என்று கூப்பிடுவேன். தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது, ஆனால் அவர் விரல்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் "வாம்மா" என்பார். அந்தச் சொல் முடிவதற்குள் இரண்டு விரல்கள் என் சங்கிலியைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருக்கும்.

"இது எங்க எடுத்தது?"

கேட்பதற்குச் சாதாரணக் கேள்வி மாதிரித்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. எங்கள் பக்கம் தங்கத்தை 'எடுப்பார்கள்'. கவரிங்கை 'வாங்குவார்கள்'. "ஹட்டன்ல வாங்குனேன்" என்று வாய் தவறிச் சொன்னால் போதும், மேற்கொண்டு விசாரணையே தேவையில்லை.

ஆரம்பத்தில் நான் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை தோட்டைப் பற்றிக் கேட்டார். கவரிங் என்றேன். "என்னாது, டீச்சர் வேல பாத்துக்கிட்டு கவரிங்கா போட்டிருக்க?" என்று அவர் போட்ட சத்தத்தில் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் கூட நிமிர்ந்து என் காதைப் பார்த்தார். இன்னொரு தடவை மோதிரத்தைக் கேட்டார். அது அம்மா எனக்குப் போட்ட அசல் தங்கம். சொன்னேன். "இவ்ளோ வெளுப்பா இருக்கே, உங்க அம்மாவ யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க" என்றார். ஆக, பொய் நகை போட்டாலும் அவமானம், மெய் நகை போட்டாலும் அனுதாபம்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து மேசையில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் இருக்கிறார். பூண்டுலோயாவுக்கு மாற்றலாகி வந்து, குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கணக்குப் படிப்பிக்கிறவர். என் கஷ்டத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"உள்ளதும் சொல்ல வேண்டாம், இல்லாததும் சொல்ல வேண்டாம். கேள்விய அவவிட்டையே திருப்பிக் குடுங்கோ. எங்கட ஊரிலயும் உப்பிடிக் கேக்கிற ஆக்கள் கனபேர் இருக்கினம்."

போன வருஷம் என் நாத்தனார் மகளுக்குச் சடங்கு. ஹட்டனில் ஒரு கவரிங் கடையில் பார்த்ததுமே பிடித்துப்போன மாங்காய் ஆரம் ஒன்றை வாங்கியிருந்தேன். சிவப்புக் கல், கீழே சின்னச் சின்னத் தொங்கல். தங்கம் விற்கிற விலையில் நான் தங்கத்தைப் படத்தில் பார்ப்பதோடு சரி. ஆரத்தைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன். பெரியத்தை முன்வரிசையில் காத்திருந்தார்.

"வாம்மா. இது எங்க எடுத்தது?"

"நீங்களே சொல்லுங்க பெரியத்தை. உங்களுக்குத் தெரியாததா?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. கேள்வி கேட்டே பழகிய மனுஷிக்குப் பதில் சொல்லும் பொறுப்பு வந்துவிட்டது. அதுவும் வரிசை முழுக்கப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆரத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினார். பின்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார். நான் பக்தியோடு நின்றேன்.

"தங்கந்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். "கனம் சொல்லுதே. இவ வாயத் தொறந்து சொல்ல மாட்டா. அழுத்தக்காரி."

நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். ஜெயித்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன்.

பெரியத்தையின் தீர்ப்பு நான் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துச் சாயந்தரம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"டீச்சர், ஞாயித்துக்கெழம மூத்தவளப் பொண்ணு பாக்க வலப்பனையில இருந்து வர்றாங்க. அவ கழுத்துல ஒண்ணுமே இல்ல. உங்க ஆரத்த ஒரு நாளைக்கி குடுத்தீங்கன்னா…"

"அக்கா, அது கவரிங்."

அக்காவின் முகம் சட்டென்று சுருங்கியது.

"குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லிருங்க டீச்சர். அதுக்கு ஏன் இப்பிடி…"

"ஐயோ, நெசமாத்தான் சொல்றேன். இந்தா பாருங்க." உள்ளே ஓடி, கடையில் கொடுத்த ரோஸ் நிற பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினேன். தங்கத்தை யாராவது இப்படியொரு டப்பாவில் போட்டுக் கொடுப்பார்களா?

அக்கா டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நானும் எஞ் சங்கிலிய பவுடர் டின்னுலதான் வச்சிருந்தேன், கள்ளனுக்குப் பயந்து" என்றார்.

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து இருமுவது கேட்டது. அவருக்கு இருமல் கிடையாது. சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் சத்தம் வரும்.

ஆரத்தைக் கொடுத்தேன். "யாரும் கேட்டா தங்கம்னு மட்டும் சொல்லிராதீங்க அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அதெல்லாம் கேக்க மாட்டாங்க டீச்சர், நாகரிகமான குடும்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே பனி. வேன் மேலே ஏறவில்லை. வளைவில் நிறுத்திவிட்டு மாப்பிள்ளை வீட்டார் நடந்தே வந்தார்கள். மாப்பிள்ளை கண்டியில் ஃபோன் கடையில் வேலை செய்கிறவர். அவருடைய அம்மாவும் மாமாவும் கூட வந்திருந்தார்கள். இந்தப் பக்கம் அக்கா, நான், அழைக்காமலே வந்து ஜன்னலோரம் நல்ல இடமாகப் பிடித்துக்கொண்ட பெரியத்தை.

பெண் பிளேன்டீயோடு வந்தாள். டவுனில் மருந்துக் கடையில் நிற்கிற பிள்ளை. டாக்டர் எழுத்தையே வாசிக்கிறவள் மனுஷருக்கா பயப்படுவாள்? டீயை நிதானமாக ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"கிட்ட வாம்மா. ஆரம் நல்லாருக்கே." கை நீண்டது. "தங்கந்தானே?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பெண் யாரையும் பார்க்கவில்லை.

"இரவல் ஆரம்ங்க. இந்தா இருக்காங்களே டீச்சர், அவங்களோடது. தங்கமா என்னான்னு அவங்ககிட்டதான் கேக்கணும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பக்கத்து மேசை டீச்சர் சொல்லிக்கொடுத்த வித்தை ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் ஒரு பிள்ளையின் கல்யாண விஷயத்தில் "நீங்களே சொல்லுங்க" என்று விளையாட முடியுமா?

"கவரிங்ங்க" என்றேன். "ஹட்டன்ல வாங்குனேன்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஜன்னலோரத்திலிருந்து பெரியத்தை எழுந்தார்.

"அவ அப்பிடித்தான் சொல்லுவா! நம்பாதீங்க! நான் எங் கையால தொட்டுப் பாத்தேன். அது தங்கம்!"

"இல்ல பெரியத்தை, கவரிங்."

"உனக்கென்னா தெரியும்?"

"எனக்குத் தெரியாம இருக்குமா? நாந்தானே வாங்குனேன்!"

"கடக்காரன் ஏமாந்து கொறஞ்ச வெலைக்கி வித்திருப்பான். ஒனக்கு அதிர்ஷ்டம்!"

என் ஆரம் கவரிங்தான் என்று ஊரார் முன்னால் நானே மன்றாடுவேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மாமா கையில் எடுத்த வடையைக் கடிக்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் சிரித்தது பெண். தட்டத்தால் வாயை மறைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அதைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தார். பிறகு அறை முழுக்கச் சிரிப்பு, பெரியத்தையையும் மாப்பிள்ளையின் அம்மாவையும் தவிர.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா தன் சங்கிலியை முந்தானைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "நாங்க ஊருக்குப் போயி வேன்ல இருந்து எறங்குறதுக்குள்ள கேப்பாங்க, பொண்ணு கழுத்துல என்னா கெடந்துச்சுன்னு. என்னயப் பொண்ணு பாக்க வந்தப்பவும் அப்பிடித்தான் பாத்தாங்க. மூஞ்சியப் பாத்தவங்க கொஞ்சப் பேருதான். அதே கேள்வி என் வாயிலயும் வந்திருச்சு."

இத்தனை வருஷமாக என்னைக் கேட்டவர்களிடம் எப்படித் தப்பிப்பது என்றுதான் யோசித்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்குப் பின்னால் ஒரு கூட்டம் நின்று அவர்களைக் கேட்கும் என்பது அன்றைக்குத்தான் என் புத்தியில் ஏறியது. பெரியத்தையைப் பார்த்தேன். அவரை யார் கேட்டிருப்பார்கள்? அவர் காதில் கல் இல்லாத சின்னத் தோடு ஒன்றுதான் கிடந்தது. நான் அதுவரைக்கும் அதைக் கவனித்ததே இல்லை.

பெண்தான் பதில் சொன்னாள். "கேட்டா கவரிங்னே சொல்லிருங்க. உங்களுக்கு வெக்கமில்லன்னா எனக்கும் ஒண்ணும் இல்ல."

அக்கா மகளை ஒரு முறை முறைத்தார். மாப்பிள்ளையின் அம்மா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"வட நல்லா மொறுமொறுன்னு இருக்கு. இன்னொண்ணு கொண்டா" என்றார்.

அதிலேயே எங்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அக்கா அடுப்படிக்கு ஓடிப்போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டு நிறைய வடையோடு வந்தார்.

அன்று பின்னேரமே ஆரம் திரும்பி வந்தது. துணியில் சுற்றி, மேலே இன்னொரு துணியும் சுற்றியிருந்தார் அக்கா. கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்பவாச்சும் சொல்லுங்க டீச்சர், நெசமாவே கவரிங்தானா?" என்றார். பெரியத்தை இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஏழைப் பிள்ளையின் கல்யாணத்துக்காகத் தங்க ஆரத்தையே கவரிங் என்று சொன்ன பெரிய மனசுக்காரி என்று என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுத்துப் பார்த்தேன். மறுக்க மறுக்க என் மனசு இன்னும் பெரிதாகிக்கொண்டே போகிறது. விட்டுவிட்டேன்.

தை மாதத்தில் இறம்பொடைக் கோயிலில் கல்யாணம். அதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போய், அதே கடையில் மருமகளுக்கு ஒரு செட் பார்த்தார். கடைக்காரனை ஒரு வழி பண்ணி, கண்ணாடியில் தன் கழுத்திலும் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினார். கல்யாணத்தன்று பெண்ணுக்குத் தாலியும் தோடும் தங்கம், மற்றதெல்லாம் அந்தச் செட். தாலி கட்டி முடிந்ததும் வலப்பனைக்காரப் பெண் ஒருவர் வாழ்த்துகிற சாக்கில் குனிந்து பெண்ணின் கழுத்தருகில் கண்ணைக் கொண்டுபோனார். அவர் வாயைத் திறக்கும் முன்பே மாமியார் முந்திக்கொண்டார்.

"கவரிங்தான். நாந்தான் வாங்கிக் குடுத்தேன். ஒனக்கும் வேணுமா?"

அந்தப் பெண் நிமிர்ந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எந்தக் கடை என்று மெதுவாகக் கேட்டார்.