டோம்பிவிலியிலிருந்து யாரோ ஏறியிருக்கிறார்கள்

ஏறுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். எங்கள் மூன்று பேருக்குள் இருந்த ஒரே சட்டம் அதுதான். ஆன்லைன் கேம் கணக்கு ஒன்று, ஆடுகிற வீடுகள் மூன்று: தாராவியில் நான், மாட்டுங்காவில் என் கல்லூரித் தோழி, லோக்கல் டிரெயினில் ஒரு மணி நேரம் தள்ளி டோம்பிவிலியில் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நண்பன். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் நுழைந்தால் முதல் ஆள் வெளியே வந்து விழுவார். அதனால் போன் குழுவில் "ஏறுறேன்" என்று போட்டுவிட்டுத்தான் ஆட வேண்டும். முடித்ததும் "இறங்கிட்டேன்". லோக்கல் டிரெயினிலேயே வளர்ந்தவர்களுக்கு வேறு வார்த்தை தோன்றவில்லை.

கணக்கு என் மெயிலில் இருந்தது. பாஸ்வேர்டு மூன்று பேருக்கும் மனப்பாடம்.

நண்பன் போன வருஷம் வரை எங்கள் சந்தில்தான் இருந்தான். அவன் அப்பா டோம்பிவிலியில் வீடு வாங்கியதும் குடும்பத்தோடு போய்விட்டான். வேலை மட்டும் இங்கேயே, சயானில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். வாரம் முழுக்க டிரெயின், ஞாயிறு மட்டும் கேம். துப்பாக்கி, சண்டை எதுவும் அவனுக்குப் பிடிக்காது. ஒரு நகரம் கட்டிக்கொண்டிருந்தான். அதில் எங்கள் சந்து இருந்தது. எங்கள் வீட்டு நீலக் கதவு, பொதுக்குழாய், மேலே தொங்கும் ஒயர்கள் கூட இருந்தன. அவன் காலி செய்த அறையில் இப்போது யாரோ பெல்ட் தைக்கிறார்கள். அவன் நகரத்தில் அந்த அறை இன்னும் அவனுடையதுதான்.

ஒரு சனிக்கிழமை மதியம் கேம் கம்பெனியின் நெட்வொர்க் படுத்துவிட்டது. முதலில் "பராமரிப்புப் பணி" என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து, வெளியாட்கள் யாரோ உள்ளே புகுந்திருக்கலாம், பயனர்களின் விவரங்கள் கசிந்திருக்கலாம் என்று நான்கு வரி அறிக்கை வந்தது. எல்லாமே "லாம்". அந்த "லாம்"களைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லேப்டாப்பைத் திறந்து, தமிழ் கேமர்கள் கூடும் பக்கத்துக்குப் போனேன்.

அங்கே சந்தைக்கடைதான். ஒருவன், "கேம்ல ஜெயிச்ச என் கோப்பையெல்லாம் போயிடுச்சா?" என்று மட்டும் பன்னிரண்டு தடவை கேட்டிருந்தான். கார்டு விவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஹேக்காவது ஒண்ணாவது, சர்வருக்குக் கரண்ட் பில் கட்டிருக்க மாட்டான்" என்றான் இன்னொருவன். "சமாதானத்துக்கு ரெண்டு கேம் ஃப்ரீயா தருவான், மாசாமாசம் எவனாவது புகுந்தா நல்லது" என்று ஒரு ஆள். "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று அப்பாவியாக ஒருத்தர் எழுத, கீழே உடனே பதில்: "அப்ப நீதான்."

நான் எல்லாவற்றுக்கும் சிரித்தேன், எல்லாவற்றையும் கொஞ்சம் நம்பவும் செய்தேன். நடுவில் மூன்று மணி வாக்கில், "இப்ப திறந்திருக்கு, சீக்கிரம் போய்ப் பாருங்க" என்று யாரோ எழுதினார்கள். வழக்கமாக டிவியில்தான் ஆடுவேன்; அன்று முதல்முறையாக லேப்டாப்பிலிருந்தே கணக்குக்குள் புகுந்தேன். எங்கள் சேமிப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன, அவன் நகரமும். இரண்டே நிமிஷம், திரும்ப மூடிக்கொண்டது. அந்த அவசரத்தில் நான் குழுவில் எதுவும் போடவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு யாராவது சொல்லிவிட்டு ஏறுவார்களா?

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. லேப்டாப்பின் மூலையில் "டோம்பிவிலி, லேசான மழை" என்று காட்டியது. இரண்டு வாரமாக அது அப்படித்தான் உளறிக்கொண்டிருந்தது. கண்டுகொள்ளவில்லை.

பிறகு அந்தக் கமென்ட் வந்தது. முகமில்லாத, பெயருக்குப் பதில் எண்கள் வைத்திருந்த ஒரு ஆள். "வெளிநாட்டு ஹேக்கரைத் தேடுறதெல்லாம் இருக்கட்டும். பாஸ்வேர்டை எத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க? மொதல்ல அவங்களை யோசிங்க." நான் அதற்கு ஒரு இதயம் போட்டேன்.

மாலை ஆறரைக்கு மெயில் வந்தது. உங்கள் கணக்கில் புதிய சாதனத்திலிருந்து நுழைவு. நேரம்: காலை ஒன்பதரை. இடம்: டோம்பிவிலி.

காலை ஒன்பதரைக்கு நான் வகுப்பில் இருந்தேன். தோழி எனக்குப் பக்கத்து இருக்கையில். குழுவில் "ஏறுறேன்" இல்லை. டோம்பிவிலியில் எனக்கு ஒரே ஒருவனைத்தான் தெரியும்.

சந்தேகம் ஒரு தடவை தொடங்கிவிட்டால் பழைய சாமான்களையெல்லாம் கிளற ஆரம்பிக்கும். போன மாதம் பாஸ்வேர்டை எதற்குத் திரும்பக் கேட்டான்? மறந்துவிட்டது என்றான், அதெப்படி மறக்கும்? அவன் சித்தி மகன் பழைய கேம் கணக்குகளை வாங்கி விற்கிறான் என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னான், ஏன் சிரித்தான்? போன் அடித்தேன், எடுக்கவில்லை. இன்னொரு தடவை, எடுக்கவில்லை. நெட்வொர்க் திரும்பத் திறந்ததும் பாஸ்வேர்டை மாற்றினேன். தோழிக்கு மட்டும் புதியதை அனுப்பினேன். அதோடு நின்றிருக்கலாம். அந்த மெயிலைப் படம் பிடித்து, கேமர்கள் பக்கத்தில் போட்டேன்: "எங்க கணக்குல புகுந்தவன் வெளிநாட்டுக்காரன் இல்லை. என் கூடவே ஏழு வருஷம் படிச்சவன்."

இதயங்கள் குவிந்தன. இவ்வளவு கவனிப்பு என் எந்த வெற்றிக்கும் கிடைத்ததில்லை.

எட்டு மணிக்கு அவனே கூப்பிட்டான். பின்னால் பிளாட்பார அறிவிப்பு கேட்டது.

"ஏட்டி, ஏதோ ஹேக்குன்னாங்களேன்னு போன்ல பாத்தேன், கணக்குக்கு உள்ள போக முடியல. பாஸ்வேர்டு தப்புங்கான். உனக்கும் அப்படித்தானா?"

"காலைல ஒம்பதரைக்கு எங்க இருந்த?"

"எங்க இருப்பேன், குர்லாகிட்ட டிரெயின்ல தொங்கிட்டு இருந்தேன். ஏன்?"

"ஏறுறேன்னு சொல்லாம ஏறியிருக்க."

"எதுல?"

"நடிக்காத. மெயில் வந்திருக்கு. டோம்பிவிலினு பக்காவா போட்டிருக்கான்."



"டோம்பிவிலில லட்சக்கணக்குல ஆளு இருக்கு, என்ன மட்டுந்தான் தெரிஞ்சுதா? ரெண்டு கையும் கம்பியில இருந்துது. மூக்கால லாகின் பண்ணுனேங்கியா?"

"பின்ன போன ஏன் எடுக்கல?"

"லேப்ல ரத்தம் எடுத்துட்டு இருக்கையில, ஒனக்கு ஹலோ சொல்லணுமோ?" அப்புறம் குரல் இறங்கியது. "அந்தப் பக்கத்துல போட்டிருக்கறது நீதானா? ஒருத்தன் எனக்கே அனுப்புனான், பாரு இப்படியும் ஒருத்தன் இருக்கானு. சிரிச்சேன்ட்டி நான்."

வைத்துவிட்டான். பத்து நிமிஷத்தில் குழுவிலிருந்து வெளியேறினான். குற்றவாளிதான் ஓடுவான் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை மாட்டுங்காவில் தோழி வீட்டுக்குப் போனேன், நியாயம் கேட்க. அவள் தோசையைப் பிட்டுக்கொண்டே மெயிலை இரண்டு தடவை படித்தாள்.

"ஏன்டி, இது நம்ம ஊர் டைமே இல்லையே. கீழே சின்னதா போட்டிருக்கான் பாரு, லண்டன் கணக்கு. அஞ்சரை மணி கூட்டிக்கோ."

"மூணு மணி."

"நேத்திக்கு மூணு மணிக்கு யார் ஏறினா?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "நான் ரெண்டு நிமிஷம்... லேப்டாப்ல. ஆனா டோம்பிவிலினு..."

"உங்காத்து இன்டர்நெட் யார்து?"

சந்துக்குள் கேபிள்காரர் கொடுக்கும் இணைப்புதான். அங்கிருந்தே அவருக்குப் போன் செய்தேன். "மேல லைன் மாத்தியாச்சும்மா, ரெண்டு வாரமாச்சு. பழைய கம்பெனிக்காரன் ரொம்பப் படுத்துனான். இப்ப டோம்பிவிலி பார்ட்டிட்டருந்து எடுக்கோம். ஸ்பீடு எப்படி?"

இணைப்பு எந்த ஊரிலிருந்து வருகிறதோ அதையே நம் ஊராகக் காட்டும்; இரண்டு வாரமாக என் லேப்டாப்பின் மூலையில் டோம்பிவிலி மழை பெய்தது அதனால்தான். சொல்லாமல் ஏறியவள் நான்.

தோழி மெயில் திறந்திருந்த போனை என் பக்கம் தள்ளினாள். போட்ட பதிவை அழித்தேன். அதற்குள் அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "உங்க பதிவைப் பார்த்துட்டு என் ஃப்ரெண்டையும் தூக்கிட்டேன். நன்றி சிஸ்டர்." அவருக்குப் பதில் எழுத வழியில்லை, அதுவும் சேர்ந்து அழிந்துவிட்டது.

நண்பனுக்கு நடந்ததை அப்படியே எழுதினேன், சாக்கு எதுவும் சேர்க்காமல். புதிய பாஸ்வேர்டையும் அனுப்பினேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை. இரண்டு ஞாயிறு அவன் நகரத்தில் யாரும் எதுவும் கட்டவில்லை. சேமிப்பின் தேதியைத் தினம் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்னால் குழுவில் "ஏறுறேன்" போட்டேன். இருப்பது தோழி மட்டும்தான், இருந்தாலும் போட்டேன்.

மூன்றாவது ஞாயிறு அவன் திரும்பவும் குழுவுக்குள் வந்தான். முதலில் ஒரு படம்: அவன் வீட்டு டிவி, பக்கத்தில் சுவர்க்கடிகாரம், அதன் கீழே அன்றைய பேப்பர். பிறகுதான் எழுத்து. "ஏறுறேன்."

"படமெல்லாம் எதுக்குல?" என்று கேட்டேன்.

குரல் பதிவாகப் பதில் வந்தது. "நீ கேக்கல. நாந்தான் குடுக்கேன். நாளைக்குத் தேவைப்படும்லா."

அதன் பிறகு எத்தனையோ ஞாயிறு ஆகிவிட்டது. டிவி, கடிகாரம், பேப்பர், ஒரு வாரம் கூட விட்டதில்லை. வேண்டாம் என்று சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். போன வாரம் அவன் ஆடி முடித்ததும் ஏறிப் போய் நகரத்தைச் சுற்றிப் பார்த்தேன். எங்கள் சந்து இருக்கிறது, குழாய் இருக்கிறது, எங்கள் வீட்டு நீலக் கதவும் இருக்கிறது. கதவில் புதிதாக ஒரு பூட்டு வைத்திருக்கிறான். வெளிப்பக்கமாக.